மனம் வரும் வரை காத்திருக்கலாமா?

"படிக்க உட்கார்ந்தால் மனமே வரமாட்டேன் என்கிறது!" இந்தச் சொற்களை ஒரு முறையேனும் கூறாத மாணவி நம் பள்ளியில் இருப்பாளா என்பது ஐயமே. ஜூன் மாதத்தில் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போடும்போது எல்லோருக்கும் உற்சாகம்தான். பெயர்ச்சீட்டு ஒட்டி, முதல் பக்கத்தின் உச்சியில் சிலுவை அடையாளம் இட்டு, "இந்த ஆண்டு முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் படித்துவிடுவேன்" என்று உறுதியும் எடுத்துக்கொள்கிறோம். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அந்த உறுதி எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. அரையாண்டுத் தேர்வின்போது அது இருந்த இடமும் தெரிவதில்லை. பிறகு, "எனக்கு ஊக்கமே இல்லை, என்ன செய்ய?" என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம்.

இந்நோய்க்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் யாது? சொற்பொழிவு! ஆண்டு விழாவிற்கு வரும் சிறப்பு விருந்தினர் உயர்ந்த இலட்சியம் வேண்டும் என்கிறார். பெரிய கனவு காணுங்கள் என்கிறார். கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. கைகள் சிவக்கத் தட்டுகிறோம். ஆனால் அந்தச் சூட்டில் பாதி, வீடு திரும்பும் பேருந்திலேயே ஆறிவிடுகிறது. மீதி, மறுநாள் காலை கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது ஆறுகிறது. வீட்டில் நடப்பது வேறு வைத்தியம். "முதல் மார்க் வாங்கினால் கைக்கடிகாரம் வாங்கித் தருவேன்" என்பது அப்பாவின் ஆசை வார்த்தை. "எதிர்வீட்டுப் பெண்ணைப் பார், அவள் கால் தூசி பெறுவாயா?" என்பது அம்மாவின் அங்கலாய்ப்பு. இவை யாவும் அன்பினால் செய்யப்படுபவையே, ஐயமில்லை. எனினும் இவற்றால் நிலையான ஊக்கம் பிறக்கும் என்பதை நான் நம்பவில்லை. வெளியிலிருந்து ஊற்றப்படும் உற்சாகம் வாளியில் ஊற்றிய நீர் போன்றது. இறைத்தால் தீர்ந்துவிடும். ஊருணியில் நீர் நிற்க வேண்டுமானால் அதற்கு வரத்துக் கால் வேண்டும். அந்த வரத்துக் காலை எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் பொருள்.

முதலில், ஊக்கம் என்றால் என்ன என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது 60-ஆம் அதிகாரம். அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் அதன் பின் வரும் அதிகாரங்களின் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். 61 மடியின்மை; 62 ஆள்வினையுடைமை; 63 இடுக்கண் அழியாமை. ஊக்கம் கொண்டவனும் சோம்பலை வெல்ல வேண்டும். சோம்பலை வென்றவனும் இடைவிடாது முயல வேண்டும். முயன்றவனும் துன்பம் வரும்போது கலங்காதிருக்க வேண்டும். இந்த வரிசையை அவர் தற்செயலாக வைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊக்கம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தால் அடுத்த மூன்று அதிகாரங்களுக்கு என்ன தேவை? நாம் இன்று ஊக்கம் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு கணநேரக் கிளர்ச்சியைத்தான். வள்ளுவர் சொல்லும் ஊக்கமோ உள்ளத்தின் உறுதி. கிளர்ச்சி தானாக வரும், தானாகப் போகும். உறுதியை நாம்தான் வளர்க்க வேண்டும்.

அந்த உறுதி எப்படி வளர்கிறது என்பதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புதுக்கோட்டைக்குப் போனால் போதும். அங்கே 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயரிலும் கேட்டிருப்பீர்கள். அவர் வாழ்க்கையை ஒரு மாணவியின் கண்ணோடு மீண்டும் ஒருமுறை பார்ப்போம்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்ததும் பள்ளி வாழ்க்கை முடிந்துவிடும். முத்துலட்சுமிக்கும் அப்படியே. ஆனால் படிப்பை அவர் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்தே படித்து, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரிக்குப் போக வேண்டும். புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரி ஒன்றே. பெண் ஒருத்தி அங்கே வந்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். அதன் பின்னரே அவர் அக்கல்லூரியின் படியேற முடிந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஒரு பெண் கல்லூரிக்குள் நுழைய மன்னர் ஆணை வேண்டியிருந்த காலம் அது! இன்று நமது நிலை என்ன? 1947-ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அதை அடுத்து 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நம் ஊருக்கே கொண்டுவந்தார். அதற்கு 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமும் உருவாயிற்று. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. முத்துலட்சுமி அம்மையார் தட்டித் தட்டித் திறந்த கதவு நமக்குத் திறந்தே கிடக்கிறது. இருந்தும் வாசற்படியில் நின்றுகொண்டு "மனம் வரவில்லை" என்கிறோமே, அது ஏன்?

நம்மில் பலருக்கு இலட்சியம் இருக்கிறது, காரணம் இல்லை. இதுவே என் விடை. "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர், இன்ஜினீயர், கலெக்டர் என்று உடனே சொல்லிவிடுகிறோம். "எதற்காக?" என்று அடுத்த கேள்வி கேட்டால் விழிக்கிறோம். சிலர், "அப்பா சொன்னார்" என்பார்கள். சிலர், "என் தோழியும் அதற்குத்தான் படிக்கிறாள்" என்பார்கள். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு திருமணத்திற்குப் போகலாம்; இரவல் இலட்சியத்தை வைத்துக்கொண்டு விடியற்காலை நாலரை மணிக்கு எழ முடியாது. குளிர்ந்த காலையில் போர்வையை உதறச் செய்யும் வலிமை, நம்முடைய சொந்தக் காரணத்துக்கு மட்டுமே உண்டு.

மீண்டும் முத்துலட்சுமி அம்மையாரிடம் வருவோம். அவர் டாக்டரானதோடு கதை முடிந்திருந்தால், வெற்றி பெற்ற ஒரு மாணவியின் கதையாக மட்டுமே அது இருந்திருக்கும். அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தாம் ஒரு மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவர் நெஞ்சில் தைத்தது. அந்நாளில் புற்றுநோய் என்றால் சாவு என்றே பொருள்; தென்னாட்டில் அதற்கெனத் தனி மருத்துவமனை கிடையாது. அப்படி ஒன்றை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய இலட்சியமாயிற்று. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதைப் பற்றிப் பேசினார். உடனே நடந்துவிடவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952-ல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67!

அவர் விழாவில் பேசிய 1935-க்கும் மருத்துவமனை திறந்த 1954-க்கும் இடையே 19 ஆண்டுகள். எந்தச் சொற்பொழிவின் சூடு 19 ஆண்டுகள் நிற்கும்? எந்தக் கைக்கடிகாரம் 19 ஆண்டுகள் ஒருவரை உழைக்க வைக்கும்? இறந்துபோன தங்கையின் முகமும், அதே நோயால் துடிக்கும் முகமறியாத பிறருடைய துன்பமுமே அவரை இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். "எதற்காக?" என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது. "யாருக்காக?" என்ற கேள்விக்கும் விடை இருந்தது. அதுதான் நான் முன்னே சொன்ன வரத்துக் கால். 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரி 19 அன்று தம் 93-ஆம் வயதில் இறைவனடி சேரும் வரை அந்த நிலையத்திற்காகவே வாழ்ந்தார். ஒருவருடைய காரணம் உண்மையானதாக இருந்தால் அது அடுத்த தலைமுறையையும் பற்றிக்கொள்கிறது.

இதைக் கேட்டு, "எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துயரம் ஒன்றும் நடக்கவில்லையே, நான் காரணத்திற்கு எங்கே போவேன்?" என்று கேட்க வேண்டாம். காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தால் போதும். வாங்கிய மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் தெரு முழுதும் கேட்டு வரும் அப்பத்தாவை நினைத்து ஒருத்தி நர்சாகலாம். அப்பாவின் கடைக் கணக்கு ஒவ்வொரு மாதமும் உதைப்பதைப் பார்த்து ஒருத்தி கணக்கியல் படிக்கலாம். கண்டாங்கிச் சேலை நெய்யும் வீட்டில் பிறந்தவள், அந்தச் சேலைக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீட்டின் பலன் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும் வந்து சேர வேண்டும் என்பதற்காக வணிகவியல் படிக்கலாம். தமிழில் ஆசை உள்ளவள் தமிழ் படிக்கட்டும். டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டே வாசல்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மற்ற வாசல்களுக்கு உரியவர்களையும் அங்கேயே நெருக்கித் தள்ளுவது சரியன்று. ஆண்டவர் எல்லோருக்கும் ஒரே அளவில் தாலந்து கொடுக்கவில்லை. ஐந்து பெற்றவன் உண்டு, இரண்டு பெற்றவன் உண்டு. இரண்டு பெற்றவன் ஐந்து ஏன் தரவில்லை என்று தலைவன் கேட்கவில்லை. ஒன்று பெற்றவனிடம் கோபித்ததும் அவனிடம் ஒன்றே இருந்தது என்பதற்காக அன்று; அதை மண்ணில் புதைத்து வைத்தான் என்பதற்காக.

காரணம் கிடைத்துவிட்டது. அது போதுமா? போதாது. வரத்துக் கால் வெட்டிய பின்னும் அதில் ஆண்டுதோறும் மண் எடுக்க வேண்டும் அல்லவா? அதுதான் அன்றாட உழைப்பு. இங்கேதான் மாணவியர் பலரும் தலைகீழாக எண்ணுகிறார்கள். மனம் வந்தால் உட்காரலாம் என்று காத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் மனம் வரும் என்பதே உண்மை. ஒரு கணக்கைப் போடத் தொடங்கி, அது பாதி வரை விடுபட்டுவிட்டால், மீதியை முடிக்காமல் எழுந்திருக்க நமக்கே பிடிப்பதில்லை. இது எல்லோரும் கண்ட அனுபவம். முதல் பத்து நிமிடங்கள்தான் மலை. அதைத் தாண்டினால் சமவெளி.

வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார் 1710-ல் இந்தியா வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 30. நாம் தாயின் மடியில் கற்ற தமிழை அவர் அதன் பிறகுதான் படித்தார். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார். 1732-ல் 'சதுரகராதி' தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள் கொண்ட அகராதி அது. காவியத்தையாவது உள்ளம் பொங்கும் வேளைகளில் பாடிவிடலாம் என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். அகராதியை அப்படித் தொகுக்க முடியுமா? ஒரு சொல், அதற்கு அடுத்த சொல், அதற்கும் அடுத்த சொல் என்று நாள்தோறும் உட்கார்ந்தால்தான் அது முடியும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அந்த அகராதியே சாட்சி.

எனவே, நேரத்தை முதலில் குறியுங்கள். "நன்றாகப் படிப்பேன்" என்பது ஆசை. "மாலை ஆறரை மணிக்கு, முற்றத்து விளக்கடியில் உட்கார்ந்து, அறிவியலில் மூன்றாம் பாடத்தைப் படிப்பேன்" என்பது திட்டம். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து, 1997-ல் உடன் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார். கிறிஸ்துமஸ் முந்தின நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாட்களுக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்புமாறு அவர்கள் மாணவர்களைக் கேட்டுக்கொண்டனர். ஒரு பகுதியினரை மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவோம் என்பதை முன்கூட்டியே குறித்துத் தரச் செய்தனர். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் நேரத்தில் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களிலோ பத்தில் மூன்று பேர்தான் முடித்தார்கள். இரு சாராருக்கும் எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது. நேரமும் இடமும் குறித்ததே வேற்றுமை. திருவிழாக் காலத்து ஆரவாரத்தையே வென்ற இந்த எளிய வழி, நம் வீட்டுத் தொலைக்காட்சியையும் செல்போனையும் வெல்லாதா?

குறித்தபடி செய்தோமா என்று இரவில் கணக்குப் பார்ப்பதும் அவசியம். நம் ஊர் இதில் பெயர் பெற்றது. கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார், வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை எடுத்துப் பார்ப்பதைக் கடமையாகக் கொண்டிருந்தார்கள். பணத்துக்கு அத்தனை கணக்கு என்றால், பணத்தைவிட அரிதான நேரத்துக்குக் கணக்கு வேண்டாமா? படுக்கைக்குப் போகுமுன் ஜெபத்தோடு ஆன்ம சோதனை செய்கிறோம். அப்போதே, "இன்று நான் உட்கார்ந்தேனா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆம் என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. இல்லை என்றால் கோடில்லை, வருத்தமும் வேண்டாம். நாளைக்கு உட்கார்ந்தால் போதும்.

"இத்தனையும் செய்தேன், பலன் ஒன்றும் தெரியவில்லையே" என்று சிலர் மனம் சோர்வதுண்டு. அவர்கள் ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் செய்வதைப் பார்த்து வரட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிடுகிறார்கள். பூ வேலைப்பாடு முழுவதும் அடியில் மறைந்துவிடுகிறது. வேலை செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறச் சிமெண்டுதான். காய்ந்து, நீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் பார்க்கலாம் போல் மினுமினுக்கும் பூக்கோலம் வெளிப்படுகிறது. நாம் படிப்பதும் அப்படியே. படிக்கும் நாளில் தெரிவது சாம்பல் நிறம்தான். பளபளப்பு அடிப்பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். உழைத்தால் நினைத்தது உடனே கிடைத்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். முத்துலட்சுமி அம்மையார் 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். அவருடைய தாயார் அவ்வழக்கம் நிலவிய குலத்தில் பிறந்தவர். ஆகவே அதன் கொடுமையை அவர் அறிந்திருந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1930-ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவி விலகியபோது அவ்வழக்கத்தை முற்றிலும் ஒழிக்கும் சட்டம் நிறைவேறியிருக்கவில்லை. அது 1947-ல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? இல்லை. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கி, சட்டம் தர முடியாத பாதுகாப்பைத் தம் கையால் தந்துகொண்டிருந்தார். வள்ளுவரின் நான்காவது அதிகாரம், 'இடுக்கண் அழியாமை', என்பதன் பொருள் இதுவே. ஒரு கதவு மூடியிருந்தால், அது திறக்கும் வரை அடுத்த கதவின் வழியே அதே வேலையைச் செய்வது. தேர்வில் ஒரு பாடத்தில் தவறிவிட்ட மாணவி, தன் வாழ்க்கையே தவறிவிட்டது என்று எண்ணுவது பெரும் பேதைமை. தவறியது ஒரு தாள். காரணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வு நாளன்று கெபியில் மெழுகுவர்த்திகள் நிறைந்து எரிவதைக் காண்கிறோம். நல்லதே. ஆனால் படிக்காத பாடத்தை மாதாவே வந்து எழுத வேண்டும் என்று கேட்பது பக்தியாகாது. சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசா 24 வயதில் மறைந்தவர். கன்னியர் மடத்தில் சேர்ந்தபின் மறைபரப்பு நாடு எதற்கும் போகாதவர். அவரையே 1927-ல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். சிறு வேலைகளை அன்போடும் தவறாமலும் செய்வதே அப்புனிதையின் வழி. ஒரு பக்கம் படிப்பது சிறிய வேலைதான். அதை இன்றும் செய்து நாளையும் செய்தால் அதுவே ஜெபமாகிவிடும்.

இனி, இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்குப் பணிவோடு ஒன்று கூற விரும்புகிறேன். உங்கள் மகளுக்கு ஊக்கம் இல்லை என்று குறைபடுமுன், அவளுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் குழாயில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூங்க வைத்து, ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணுக்குக் கண் சொக்கத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. வீட்டு வேலை கற்பதில் தவறில்லை. அதில் தம்பிக்கும் பங்கு கொடுத்தால் குற்றமில்லை. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், "இது அவளுடைய நேரம், யாரும் கூப்பிடக் கூடாது" என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தை விட அது பெரிய பரிசு. எதிர்வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். ஒப்பிட வேண்டுமானால் போன மாதத்து மகளோடு இந்த மாதத்து மகளை ஒப்பிடுங்கள். அவள் என்னவாக விரும்புகிறாள் என்பதை அறிவிக்குமுன், ஏன் விரும்புகிறாள் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணமுடித்து வைக்கும் எண்ணம் இருந்தால், அந்த முடிவுக்கு முன் அவசியம் கேளுங்கள். அவளுடைய பதில் உங்களையே வியக்க வைக்கலாம்.

அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களுக்கு மேடையில் பரிசு தருகிறோம், மகிழ்ச்சியே. முப்பது மதிப்பெண்ணிலிருந்து ஐம்பதுக்கு ஏறி வந்தவளையும் ஒரு நாள் அதே மேடைக்கு அழைத்தால் என்ன? ஏறி வந்த தூரத்தை வைத்துப் பார்த்தால் அவளும் முதலிடத்துக்கு உரியவளே.

அன்பு மாணவியரே! இன்று இரவே ஒரு தாளை எடுங்கள். மூன்று வரிகள் எழுதுங்கள். முதல் வரியில், நீங்கள் அடைய விரும்புவது என்ன என்று எழுதுங்கள். இரண்டாம் வரியில், அது எதற்காக, யாருக்காக என்று எழுதுங்கள். யார் சொன்னதையும் எழுத வேண்டாம். உங்களுக்கே தோன்றுவதை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் வரியில், நாளை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தப் பாடத்தோடு உட்காரப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாம் வரிக்கு விடை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாம் வரியின்படி நடக்கத் தொடங்குங்கள். உழைத்துக்கொண்டே தேடுகிறவளுக்கு விடை வழியில் வந்து சேரும். காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவளுக்கு அது வருவதில்லை.

அடுத்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முதல் வரி மாறியிருக்கலாம், அதில் தவறில்லை. மூன்றாம் வரியை எத்தனை நாள் காத்தீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்துக் கோடுகளின் எண்ணிக்கைதான் உங்கள் ஊக்கத்தின் அளவு.